பின்கட்டுத் தண்ணீர்

காலை நான்கே முக்கால். புக்கிட் பெலண்டோக் கடைத்தெரு. கோப்பிக் கடையில் மட்டும் விளக்கு. கடைப்பையன் மேசைமேல் கவிழ்த்திருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்குகிறான். எதிரே வெள்ளை வேன். எஞ்சின் ஓடுகிறது. பக்கக் கதவு திறந்து கிடக்கிறது.

முதலில் ஏறுகிறவர் ஒரு சீனப் பெரியவர். அரைக்கால் சட்டை, ரப்பர் சிலிப்பர், கழுத்தில் துண்டு. இடதுகையில் முழங்கைக்கு மேலே ரத்தக்குழாய் விரல் தடிமனுக்குப் புடைத்து நிற்கிறது. ஜன்னலோரம் அவர் இடம். டிரைவர் அவரைத் ‘தவுக்கே’, முதலாளி, என்கிறார். அவருக்கு இப்போது கடையும் இல்லை, பண்ணையும் இல்லை.

வேன் செம்பனைக்குள் நுழைகிறது. தோட்டத்து வீடுகள். ஒரு வாசலில் பாட்டி தயாராக நிற்கிறார். வாசல் குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது. துணி தேநீர் நிறமாகிவிட்டது. பாட்டியின் கூடையில் கம்பளி, திருநீற்றுப் பொட்டலம், நான்கு பிஸ்கட், சின்ன ஃபிளாஸ்க். ஃபிளாஸ்க்கில் தண்ணீர் இல்லை. ஐஸ் கட்டிகள். ஆறு. மதியம் வீடு திரும்பும்வரை அதுதான் கணக்கு.

பிறகு தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண். பிறகு ஒரு மலாய்க்காரர், முன்னாள் லாரி ஓட்டுநர். வேன் டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் கால் தன்னால் அசைகிறது.

பாதையின் இருபுறமும் செம்பனை. அதற்கு முன் இங்கே பன்றிக் கொட்டகைகள். 1998 கடைசியிலும் 1999 தொடக்கத்திலும் ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கொசுவுக்குப் புகை அடித்தார்கள். நோய் கொசுவில் இல்லை. மார்ச்சில் ராணுவ லாரிகள் வந்தன. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. நாட்டில் 105 பேர் இறந்தார்கள். கிருமிக்குப் பக்கத்துக் கம்பமான சுங்கை நிப்பாவின் பெயர் கிடைத்தது. வேன் அந்தக் கம்பத்துத் திருப்பத்தைத் தாண்டும்போது தவுக்கே துண்டை எடுத்து முகம் துடைக்கிறார்.

லுக்குட். பிறகு போர்ட்டிக்சன் சாலை. கடைவீட்டு வரிசையின் கீழ்த்தளத்தில் டயாலிசிஸ் மையம். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, சாமி படம், சீனப் புத்தாண்டின் சிவப்புத் தோரணம், மலாய் எழுத்தில் ஒரு துவா. தோரணம் பண்டிகை முடிந்தும் இறங்கவில்லை. சுவரில் சட்டம் போட்ட உரிமம். 1998-ஆம் ஆண்டின் 586-ஆவது சட்டம்.

பின்கட்டில் ஏற்கெனவே விளக்கு எரிகிறது.

*

பின்கட்டு என்பது ஒரு சமையலறை அளவு. ஜன்னல் இல்லை. உயரத்தில் தண்ணீர்த் தொட்டி. கீழே ஆள் உயரத்துக்கு நான்கு உருளைகள் வரிசையாக. முதல் உருளையில் மணல். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கரி. நான்காவதில் தேன் நிறப் பிசின் மணிகள். அவற்றுக்கு அப்பால் நீளக் குழல்கள் அடுக்கிய ஆர்.ஓ. இயந்திரம். மோட்டார் ஒன்று இரைகிறது. இன்னொன்று ஓய்வில் இருக்கிறது.

டெக்னீஷியன் இளைஞன். சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒரு பென்சில். செருப்பை வாசலில் விட்டுவிட்டு மஞ்சள் பூட்ஸ் மாட்டியிருக்கிறான். உப்பு மூட்டையின் வாயைப் பிரிக்கிறான். இருபத்தைந்து கிலோ. கறுப்புத் தொட்டியில் கவிழ்க்கிறான். பிசின் மணிகள் பகல் முழுக்கத் தண்ணீரின் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இரவில் உப்புத் தண்ணீர் அதைக் கழுவி விடுகிறது. மூட்டை தீர்ந்தால் இன்னொரு மூட்டை.

முன்கூடத்துச் சுவரில் ஒரு படம். கருவாடு, ஊறுகாய், கீச்சாப், பாக்கெட் மீ. எல்லாவற்றின்மேலும் சிவப்புப் பெருக்கல் குறி. உப்பு கூடாது.

இரண்டு கரி உருளைகளுக்கு நடுவே ஒரு சின்னக் குழாய். டெக்னீஷியன் அதைத் திறந்து ஓடவிடுகிறான். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடிக்கிறான். பொடி ஒன்றைக் கொட்டி மூடிக் குலுக்குகிறான். மூன்று நிமிடம் காத்திருக்கிறான். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். குப்பியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கிறான். பிறகு அளவி. திரையில் 0.03.

வரம்பு 0.1. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

ஏட்டில் எழுதுகிறான். தேதி, நேரம், எண், கையெழுத்து. மேலே நேற்றைய கையெழுத்து. அதற்கு மேலே முந்தாநாள். ஒரே கோணல்.

குழாய் இரண்டு உருளைகளுக்கு நடுவே இருப்பதற்குக் காரணம் உண்டு. முதல் கரி களைத்தால் இங்கே தெரிந்துவிடும். இரண்டாவது கரி அப்போதும் தாங்கி நிற்கும். இரண்டாவதும் விட்டுவிட்டால் எந்த இயந்திரமும் ஓடக்கூடாது. ஆர்.ஓ. சவ்வு உப்பை நிறுத்தும், குளோராமினை நம்பிக்கையாக நிறுத்தாது. அது ரத்தத்துக்குள் போனால் சிவப்பணுக்கள் உடையும்.

நகரத்துத் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஆற்றின் சேற்றை இறக்கப் படிகாரம் போடுகிறார்கள். கிருமியைக் கொல்ல குளோரின் போடுகிறார்கள். ஆற்றில் அம்மோனியா இருந்தால் குளோரின் அதோடு கூடிக் குளோராமின் ஆகிறது. மழை கொட்டி ஆறு கலங்கிய மறுநாள் மருந்தின் அளவு ஏறுகிறது. வயிறு இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். நேற்று இரவு மழை. டெக்னீஷியன் இன்னொரு குப்பி பிடிக்கிறான். 0.04. எழுதுகிறான்.

அடுத்து, நூல் சுற்றிய வடிகட்டிக் குழல். பழையதைக் கழற்றுகிறான். தேநீர் நிறம். புதியது வெள்ளை.

*

முன்கூடத்தில் தராசு. ஒவ்வொருவராக ஏறுகிறார்கள். தாதி, எல்லாருக்கும் ‘மிஸி’, எண்ணைப் படிக்கிறார்.

“ரெண்டு கிலோ எட்டு ஏறியிருக்கு. பாட்டி, தண்ணி குடிச்சீங்களா?”

“வாய்தான் நனைச்சேன் மிஸி.”

“சாம்பாரு?”

பாட்டி தராசிலிருந்து இறங்குகிறார். கூடையை எடுத்துக்கொள்கிறார்.

பத்து நாற்காலிகள். பத்து இயந்திரங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் சுவரில் ஒரு குழாய் வாய். அதிலிருந்து மெல்லிய குழல் இயந்திரத்துக்குப் போகிறது. தரையில் இரண்டு கேன்கள், ஒன்றில் சிவப்பு மூடி, ஒன்றில் நீல மூடி. இயந்திரம் தண்ணீரோடு இரண்டையும் கலந்துகொள்கிறது.

ஊசிகள் இரண்டு. பாட்டி கண்ணை மூடுவதில்லை. ஊசி ஏறும் இடத்தையே பார்க்கிறார். விரல் நுனிகளில் பால்வெட்டுக் கத்தியின் பழைய தழும்புகள். குழல் சிவப்பாகிறது. இயந்திரத்தின் பக்கவாட்டில் கண்ணாடி போலத் தெளிந்த ஒரு பிளாஸ்டிக் உருளை. உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய இழைக்குழல்கள். குழலுக்குள்ளே ரத்தம் ஒரு பக்கமாக. குழலுக்கு வெளியே தண்ணீர் எதிர்ப்பக்கமாக. நடுவே ஒரு சவ்வு.

குடல் பார்த்து எடுக்கும். சவ்வு பார்ப்பதில்லை. அதன் துளைக்குள் அடங்குவது எதுவானாலும் போகலாம், வரலாம்.

நிமிடத்துக்கு 500 மில்லி. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். பாட்டி ஃபிளாஸ்க்கைத் திறக்கிறார். ஒரு ஐஸ் கட்டியை எடுத்து வாயில் ஒதுக்குகிறார். மூடியைத் திருகி இறுக்குகிறார். இயந்திரத்தின் கழிவுக் குழல் தரை வாய்க்காலில் சலசலக்கிறது.

மலேசியாவில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் 50,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்புநீர்க்காரர்கள். தொழிற்சாலைப் பெண்ணின் கோப்பில் ‘சொக்சோ’ என்று தொழிலாளர் காப்பு நிறுவனத்தின் முத்திரை. அவள் கைப்பேசியில் தள்ளுபடி விற்பனை பார்க்கிறாள். தவுக்கே தூங்குகிறார். தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி. யாரோ தேங்காய்ப்பால் ஊற்றுகிறார்கள். பத்துப் பேரில் ஏழு பேர் பார்க்கிறார்கள்.

எட்டரை மணி. ஏழாம் நாற்காலியில் மலாய்க்காரருக்கு நடுக்கம். பல் அடிக்கிறது. மிஸி ஓடவில்லை. வேகமாக நடக்கிறார். கம்பளி, வெப்பமானி, ரத்த அழுத்தம். கை அவர்மேல் இருக்கிறது. கண் அவர்மேல் இல்லை. ஆறாம் நாற்காலியைப் பார்க்கிறது. ஐந்தாம் நாற்காலியை. எதிர்வரிசையை, முழுக்க.

ஒருவர் நடுங்கினால் ஏ.சி.யாக இருக்கலாம், ஊசிமுனைக் கிருமியாக இருக்கலாம். இருவர் நடுங்கினால் தண்ணீர்.

பின்கட்டு வாசலில் டெக்னீஷியன் வந்து நிற்கிறான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. வேறு யாருக்கும் நடுக்கம் இல்லை. காய்ச்சலும் இல்லை. மிஸி ஏ.சி.யை இரண்டு டிகிரி கூட்டுகிறார். மலாய்க்காரரின் கோப்பில் நேரம் எழுதுகிறார். டெக்னீஷியன் உள்ளே போகிறான். குப்பியைக் கழுவும் சத்தம்.

*

பத்து மணிக்கு வாசலில் டிரைவர் வேன் கழுவுகிறார். ஆர்.ஓ. இயந்திரம் எடுத்துக்கொள்ளும் தண்ணீர் முழுவதும் நாற்காலிக்குப் போவதில்லை. சவ்வு ஒதுக்கியது தனிக் குழாயில் வெளியே வருகிறது, கணிசமான அளவு. அதில் கூடம் துடைக்கிறார்கள். பழைய கேனில் நட்ட பாண்டான் இலைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுகிறார்கள். போர்ட்டிக்சனில் குழாய் வற்றும் நாட்களிலும் இந்த வேன் பளபளக்கிறது.

குழாய் வற்றும் நாட்கள் உண்டு. தடை அறிவிப்புகளில் மருத்துவமனைகளும் டயாலிசிஸ் மையங்களும் முன்னுரிமைப் பட்டியலில் வரும். டேங்கர் லாரி வருகிறது. லாரிக்காரர் குழாயை இழுத்துத் தரையில் போடுகிறார். டெக்னீஷியன் குழாயின் வாயைத் தரையிலிருந்து தூக்குகிறான். துடைக்கிறான். வாளியில் கொஞ்சம் பிடிக்கிறான். முகர்கிறான். குப்பி, பொடி, மூன்று நிமிடம். லாரிக்காரர் சிகரெட் பற்றவைக்கிறார். தண்ணீர் எங்கே பிடித்தது என்று கேட்கிறான். லாரிக்காரர் சிகரெட் முனையால் ஒரு திசையைக் காட்டுகிறார். டெக்னீஷியன் இடத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கிறான்.

பின்கட்டு அலமாரியில் ஒரு பயிற்சிக் கோப்பு. நிழற்படிப் பக்கங்கள், ஓரம் மடங்கியவை. உள்ளே ஊர்ப் பெயர்கள்.

கருவாரு, பிரேசில், 1996 பிப்ரவரி. ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். டயாலிசிஸ் மையத்துக்கு டேங்கரில் தண்ணீர் வந்தது. நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி. பாசியின் நஞ்சு ரத்தத்துக்குள் போனது. 131 நோயாளிகள். 116 பேருக்குப் பார்வை மங்கியது, குமட்டியது. நூறு பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. பாசி நஞ்சால் மட்டும் 52 பேர் இறந்தார்கள்.

சிகாகோ, 1993 ஜூலை. பிசின் உருளை தீர்ந்துவிட்டது. அது பிடித்து வைத்திருந்த ஃபுளோரைடைத் திரும்ப விட்டது. 12 பேர் விழுந்தார்கள். 3 பேர் இறந்தார்கள்.

குராசாவ் தீவு, 1996. ஊருக்குப் புதுத் தண்ணீர்க் குழாய், உள்ளே சிமெண்ட் பூச்சு. சிமெண்டிலிருந்து அலுமினியம். பத்துப் பேர் இறந்தார்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் பென்சில் கோடு. டேங்கர் என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு.

*

வியாழக்கிழமை ஓர் உறை வருகிறது. சோதனைச்சாலையின் மாத அறிக்கை. டெக்னீஷியன் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து பிரிக்கிறான்.

இரண்டு வகை எண்கள். ஒன்று உயிருள்ள கிருமிகள்: ஒரு மில்லி தண்ணீரில் எத்தனை கூட்டம் முளைத்தது என்ற கணக்கு. ஏழு நாள் வளர்த்துப் பார்க்கிறார்கள். வளர்ப்பது வெதுவெதுப்பில் அல்ல, அறைக் குளிர்ச்சியில். தண்ணீர்க் கிருமிகள் அவசரப்படுவதில்லை. சூட்டில் வைத்து இரண்டே நாளில் பார்த்தால் பலவும் கண்ணில் படாது.

மற்றது செத்த கிருமிகள். அவற்றின் தோல் துணுக்குகள் போதும், காய்ச்சலும் நடுக்கமும் வர. அதைக் கண்டுபிடிக்கும் மருந்து குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நண்டைப் பிடித்து, நீல நிற ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, கடலில் விட்டுவிடுகிறார்கள். அதன் உறவுக்காரர்கள் மலாக்கா நீரிணையின் சேற்றிலும் ஊர்கிறார்கள். மலாய்க்காரர்கள் பெலாங்காஸ் என்பார்கள். சில கடைகளில் முட்டையைச் சமைக்கிறார்கள்.

நண்டுக் கணக்கு 0.25-க்குக் கீழே. எல்லா இடத்திலும்.

கிருமிக் கணக்கில் விரல் இறங்குகிறது. ஆர்.ஓ. வாயில் 2. முதல் நாற்காலி 4. ஐந்தாம் நாற்காலி 9. பத்தாம் நாற்காலி 62.

வரம்பு 100. ஆனால் 50-ஐத் தொட்டாலே ஏதாவது செய்ய வேண்டும். டெக்னீஷியன் 62-ஐச் சுற்றி வட்டம் போடுகிறான். அறிக்கையின் தேதியைப் பார்க்கிறான். மாதிரி எடுத்த தேதியைப் பார்க்கிறான். நடுவே ஒன்பது நாள். அந்தத் தண்ணீர் எப்போதோ வாய்க்காலில் போய்விட்டது.

பொறுப்பு மிஸியிடம் காட்டுகிறான். மிஸி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். டாக்டருக்கு போன் போடுகிறார். மூன்று பேரும் சொல்வது ஒரே சொல். ஞாயிறு.

வெள்ளிக்கிழமை ஷிப்டில் பாட்டிக்கு நான்காம் நாற்காலி. பத்தாம் இயந்திரத்தின்மேல் ஒரு அட்டை: ‘பழுது’. பத்தாம் நாற்காலிக்காரர் இரவு ஷிப்டுக்குப் போகிறார். முணுமுணுக்கிறார்.

*

ஞாயிறு. கூடத்தில் ஏ.சி. இல்லை. டெக்னீஷியன் மண்டியிட்டுச் சுவரோரமாக நகர்கிறான். கையில் டார்ச். குழாய் பின்கட்டிலிருந்து புறப்பட்டு, பத்து நாற்காலிகளையும் தொட்டு, பின்கட்டுக்கே திரும்புகிறது. தண்ணீர் எங்கேயும் நிற்கக் கூடாது என்பதற்காக வளையம்.

பத்தாம் நாற்காலிக்கு அப்பால் ஓர் அலமாரி. தள்ளுகிறான். அதன் பின்னால், வளையத்திலிருந்து பிரிந்த ஒரு கிளைக்குழாய். ஒரு சாண் நீளம். முனையில் மூடி. எப்போதோ பதினோராவது நாற்காலி இருந்திருக்கிறது. நாற்காலியை எடுத்தவர்கள் குழாயை எடுக்கவில்லை. தண்ணீர் உள்ளே போகும். வெளியே வர வழியில்லை.

வால்வை மூடுகிறான். ரம்பம். வெள்ளைத் தூள் உதிர்கிறது. துண்டு கையோடு வருகிறது. விரலை உள்ளே விட்டுத் தடவுகிறான். கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் உரசுகிறான். வழவழப்பு. துண்டை மேசைமேல் வைக்கிறான், நிமிர்த்தி.

வெட்டிய இடத்தை வளையத்தோடு ஒட்ட அடைக்கிறான். பசை காயக் காத்திருக்கிறான். டப்பாவிலிருந்து ரொட்டி சானாய் சாப்பிடுகிறான், இடது கையால் ஏட்டை நகர்த்தியபடி. வலது கையால் சாப்பிட்டு முடித்ததும் இரண்டு கைகளையும் சோப்பு போட்டுக் கழுவுகிறான்.

பிறகு மருந்து. கூடம் முழுக்க வினிகர் நெடி. வளையத்தில் சுற்றவிடுகிறான். நிறுத்தி ஊறவிடுகிறான். மறுபடி சுற்றவிடுகிறான். பிறகு கழுவல், வெறும் தண்ணீரால், நீண்ட நேரம். ஒவ்வொரு குழாய் வாயிலும் ஒரு தாள் பட்டையை நனைக்கிறான். நிறம் மாறினால் மருந்து மிச்சம். ஆறாவதில் மாறுகிறது. மறுபடி கழுவல். பத்துப் பட்டைகளும் வெள்ளையாக இருக்கும்வரை. மணி நான்காகிறது.

திங்கள் விடியுமுன் பத்தாம் வாயில் புதிய மாதிரி. வாயைச் சாராயப் பஞ்சால் துடைக்கிறான், உலரவிடுகிறான், ஒரு நிமிடம் ஓடவிடுகிறான், கிருமி நீக்கிய புட்டியில் பிடிக்கிறான். மூடியின் உட்பக்கம் விரல் படவில்லை. ஐஸ் பெட்டி. சோதனைச்சாலைப் பையன் மோட்டார் சைக்கிளில் வந்து வாங்கிப் போகிறான்.

கரி உருளைகளுக்கு நடுவே குப்பி. 0.03. கையெழுத்து.

முடிவு வர ஏழு நாள் ஆகும். மையத்தில் நாளுக்கு மூன்று ஷிப்ட், வாரத்துக்கு ஆறு நாள். முடிவு வருவதற்குள் 180 முறை ரத்தம் கழுவியாகிவிடும். 21,600 லிட்டர்.